சமநிலை உணர்வு

உடல் விழாமல் நிற்கவும், நடக்கும்போது பார்வை குலுங்காமல் இருக்கவும் துணைசெய்யும் புலன். உட்காதில் உள்ள சிறு உறுப்பு ஒன்று, கண், தசைகளும் மூட்டுகளும் என மூன்று இடங்களிலிருந்து வரும் சேதிகளை மூளைத்தண்டும் சிறுமூளையும் ஒத்துப்பார்க்கின்றன. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று நம்மவர்கள் எண்ணிய ஐந்தில் இதற்கு இடமில்லை; அரிஸ்டாட்டில் சொன்ன ஐந்திலும் இல்லை. கெடாதவரை தன்னைக் காட்டிக்கொள்ளாத புலன் இது. ஆகவே தள்ளாடியவர்களையும் விழுந்தவர்களையும் பார்த்துத்தான் இதைப் பற்றி அறிய முடிந்தது.

நிற்பது சும்மா இருப்பதல்ல. உடலின் எடைமையம் ஏறத்தாழ இடுப்பு உயரத்தில், கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழும்படி அமைந்திருக்கிறது. உடல் ஓயாமல் முன்னால் சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசை ஓயாமல் பின்னுக்கு இழுக்கிறது. அசையாமல் நிற்பதாக நினைப்பவரும் நூலளவு ஆடிக்கொண்டேதான் இருப்பார். இந்த எடைமையத்தை முதலில் அளக்க முனைந்தவர் இத்தாலியர் ஜொவான்னி பொரெல்லி. கூரான விளிம்புள்ள கட்டையின்மேல் பலகையை வைத்து, அதில் ஓர் ஆளைப் படுக்கவைத்து, பலகை எந்தப் பக்கமும் தாழாத இடத்தைக் குறித்துக்கொண்டார். அவர் நூல் 1680இல், அவர் இறந்தபின், வெளிவரத் தொடங்கியது.

காதுக்கும் நிற்பதற்கும் தொடர்பு உண்டென்று அப்போது யாரும் எண்ணவில்லை. 1820களில் பாரிஸில் பியர் ஃப்ளூரான் புறாக்களின் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களை அறுத்துப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது. ஆனால் கிடைமட்டக் குழல் அறுபட்டது தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு சுழன்றது, செங்குத்துக் குழல் அறுபட்டது குட்டிக்கரணம் போட்டது. கண்டதை அப்படியே எழுதிவைத்தார். அது சமநிலைக்கான புலன் என்ற முடிவுக்கு மட்டும் வரவில்லை. தலைசுற்றி விழுபவரை மூளையில் இரத்தம் தேங்கியவராகக் கருதிக் குருதி வடித்த காலம் அது. 1861இல் புரோஸ்பர் மெனியேர், காது இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் தலைச்சுற்றலுக்குக் காரணம் உட்காதுதான் என்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்.

தட்டாமாலை சுற்றிய பிள்ளை நின்ற பிறகும் வீடு ஏன் சுற்றுகிறது? 1873 முதல் 1875 வரை மூன்று பேர் தனித்தனியாக இதற்கு விடை கண்டார்கள்: இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், வியன்னா மருத்துவர் ஜோசப் புரோயர் (பின்னாளில் ஃபிராய்டுடன் சேர்ந்து நூல் எழுதியவர் இவரே), எடின்பரோவின் வேதியியலாளர் கிரம் பிரவுன். நீருள்ள செம்பைச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பும், நீர் பின்தங்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே ஓடத் தொடங்கும். செம்பை நிறுத்தினாலோ நீர் நிற்காது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று குழல்களிலும் நடப்பது இதுதான். உள்ளேயுள்ள திரவம் பசைபோன்ற ஒரு மடலை வளைக்க, அதில் பதிந்த நுண்மயிர்கள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. தலை சாய்வதையும் நேர்கோட்டில் நகர்வதையும் அறிபவை பக்கத்திலுள்ள இரண்டு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பாரமாக அமர்ந்திருக்கின்றன.

அந்தப் பாரத்தின் வேலையை இறால் காட்டிக்கொடுத்தது. ஓடு கழற்றும்போது இறால் தன் சமநிலைப் பையிலுள்ள மணலையும் இழந்துவிடும். பிறகு கொடுக்கால் புது மணல் எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். 1893இல் அலோயிஸ் கிரைடில் மணலுக்குப் பதில் இரும்புத்தூளைக் கொடுத்தார். இறால் அதையே போட்டுக்கொண்டது. மேலிருந்து காந்தத்தைக் காட்டியதும் தலைகீழாகத் திரும்பி நீந்தியது. இந்த வரலாற்றிலேயே அழகான சோதனை இதுதான்.

வியன்னாவில் ராபர்ட் பாரானி நோயாளிகளின் காதைப் பீச்சுக்குழலால் கழுவிவந்தார். தண்ணீர் குளிர்ந்திருந்ததால் தலை சுற்றுவதாக ஒருவர் முறையிட்டார். அடுத்த முறை சூடு கூடிவிட, அதற்கும் சுற்றியது; கண்ணசைவு மட்டும் எதிர்த்திசைக்கு மாறியிருந்தது. இதிலிருந்து பிறந்த காதுச் சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. 1916இல் ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு விடுவித்தார். சூட்டால் திரவம் மேலெழுவதே காரணம் என்பது பாரானியின் விளக்கம். 1983இல் ஸ்பேஸ்லாப் விண்வெளி ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்தபோது, திரவம் மேலெழ முடியாத எடையற்ற நிலையிலும் கண்கள் அசைந்தன. ஆகவே அது முழு விளக்கமல்ல.

தசையின் பங்கைச் சொன்னவர் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடியதும் தண்டுவடம் பழுதான நோயாளிகள் தள்ளாடுவதை 1840களில் அவர் விவரித்தார். முகம் கழுவக் கண்ணை மூடும்போது இவர்கள் தடுமாறுவது அதனால்தான்: தசையின் சேதி வராததால் கண்ணை நம்பியே நிற்கிறார்கள்.

உட்காதுப் பைகளிலுள்ள படிகங்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்தால், படுக்கையில் புரளும்போது அறையே சுழலும்; பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பைக்கே கொண்டுசேர்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்தார். முதலில் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992இல் அவர் கட்டுரை வெளிவந்தது. மருந்து இல்லை, கத்தி இல்லை, சில நிமிட வேலை. நம் ஊரில் இந்தச் சுற்றலைப் பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுப்பது வழக்கம். இஞ்சியால் படிகம் நகராது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது, எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்பதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். எந்தக் காது என்பதை அவர் அதிலிருந்தே தேடத் தொடங்குவார்.