புதிர்வழிக் கற்றல்

புதிர்வழிக் கற்றல் என்பது, கிளைகளும் முட்டுச்சந்துகளும் நிறைந்த பாதையமைப்பில் இலக்கிடத்தை அடையும் வழியை விலங்கு அறிந்துகொள்வதாகும். அவ்வாறு கற்கப்படுவது உடலசைவுகளின் தொடரா, இடத்தின் அமைப்பா என்பதே இத்துறையின் நீண்டகால வழக்கு. கிளார்க் ஹல் முதலியோரின் தூண்டல்–துலங்கல் கொள்கைப்படி, விலங்கு தானே சரியான பக்கம் திரும்பி அதற்குப் பரிசும் பெற்றால்தான் பழக்கம் வேரூன்றும். அப்பரிசின் வேலையே வலுவூட்டல் எனப்படும்.

இக்கொள்கையை உலுக்கிய சோதனையை எட்வர்ட் டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் பெர்க்லியில், 14 கிளைப்பிரிவுகள் கொண்ட புதிர்வழியில் நடத்தினர். நாள்தோறும் இலக்கில் உணவு பெற்ற எலிகளின் பிழைகள், அதாவது முட்டுச்சந்துகளில் நுழையும் தடவைகள், படிப்படியாகக் குறைய, உணவே பெறாதவை பெரிதும் முன்போலவே திரிந்தன. மூன்றாம் குழு பத்து நாள்கள் வெறுமனே திரிந்து, பதினோராம் நாள் முதன்முறையாக உணவைக் கண்டது. மறுநாளே அதன் பிழைகள், தொடக்கம் முதல் உணவு பெற்ற குழுவின் அளவுக்குச் சரிந்தன. நடத்தையில் வெளிப்படாமல் சேர்ந்திருந்த இவ்வறிவு உள்ளுறைக் கற்றல் எனப்பட்டது; அதை விளக்க டோல்மன், இடத்தின் அமைப்பை விலங்கு மனத்தில் பதித்துக்கொள்கிறது எனும் மன வரைபடக் கருத்தை 1948இல் விரித்துரைத்தார்.

எனினும் அவ்வெலிகள் தம் கால்களாலேயே பாதையை அளந்தவை. நடக்காமலும் கற்க இயலுமா என்பதை மக்னமாராவும் உடனாய்வாளர்களும் 1956இல் T வடிவப் பாதையில் நேரடியாகச் சோதித்தனர். ஓர் எலி ஓட, அதன் இணையெலி கூடையில் அமர்த்தப்பட்டு, அதே பக்கங்களுக்கு அதே வரிசையில் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் இறக்கிவிட்டபோது, சுற்றுப்புற அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்த அறையில் கூடை எலிகளும் ஓடிப்பழகியவற்றுக்கு நிகராக வழியைத் தேர்ந்தன. அடையாளங்கள் குறைக்கப்பட்ட சூழலிலோ அவை பின்தங்கின. இந்த இரண்டாம் முடிவே கூடுதல் கவனத்துக்குரியது: பார்த்துக் கற்க அடையாளம் இல்லாதபோது, தசைகளிலிருந்து கிடைக்கும் அசைவுணர்வே வழிகாட்ட வேண்டியிருக்கிறது, அதுவோ நடந்த எலிக்கே வாய்க்கிறது.

மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் முனைப்படையும் இடச் செல்களை ஓ'கீஃபும் தோஸ்த்ரோவ்ஸ்கியும் 1971இல் கண்டறிந்தது மன வரைபடக் கருத்துக்கு உடலியல் ஆதாரம் தந்தது. ஆயினும் எலியை அசையவொட்டாமல் பிணித்து அதே இடத்தில் வைத்தால் அச்செல்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன என்று 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நடப்பது இன்றியமையாததன்று எனினும், நகர்வதற்கான ஆயத்தநிலையையும் புறக்கணித்து இடக் கற்றலை விளக்க முடியாது.