ஊவாத் தேயிலையும் லிப்டன் கம்பனியும்

பல நாடுகளிற் பரந்து நின்று ஒரு பண்டத்தை ஆக்கும் கம்பனிமுறை அண்மையில் தோன்றியதொன்றெனப் பலர் கருதுவர். ஊவா மாகாணத் தேயிலையின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். இலைநோயாற் கோப்பிச் செய்கை அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். தோட்டத்துரை, தரகர், இலண்டன் ஏலம், மொத்த வணிகர் எனப் பலர் கைமாறிச் சென்ற பண்டத்தைத் தம் தோட்டத்திலிருந்து தம் கடைக்கே கொண்டுசெல்லுதல் அவர் நோக்கம். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என விளம்பரமுஞ் செய்தார். ஆயினும் அவர் விற்ற தேயிலையிற் பெரும்பகுதி பிறரிடம் வாங்கியதே. விளம்பரத்திற் பாதியே மெய்.

இவ்வுற்பத்தி எவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்தது என்பதே நோக்கற்பாலது. பறித்த கொழுந்து சில மணி நேரத்திற் கெடத் தொடங்கும். ஆதலால் வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல் ஆகியன தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே நிகழவேண்டும். உலர்ந்த தேயிலையோ பெட்டியில் அடைபட்டு மாதக்கணக்கிற் பயணஞ் செய்யவல்லது. 1924இற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை அப்பெட்டிகளைக் கொழும்புத் துறைக்கு இறக்கிற்று. கலத்தலும் பொதியிடலும் பெயர் பொறித்தலும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் நடைபெற்றன. ஊவாத் தேயிலையின் தனி மணம் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றின் கொடை. ஆண்டு முழுவதும் ஒரே சுவையை நாடும் கலவைக்காரருக்கு அதுவும் பல சரக்குகளுள் ஒன்றே. ஒரு நாட்டு விலை ஏறின் அதைக் குறைத்துப் பிறநாட்டுத் தேயிலையைக் கூட்டிக்கொள்ளலாம். விலை பேசும் வலிமை அவரிடம் தங்கியது இதனாலேயே.

மூலதனமும் பண்டமும் தடையின்றி எல்லை கடந்தன. தமிழகத்திலிருந்து வந்து அத்தோட்டங்களை ஆக்கிய தொழிலாளர் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர்.

1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது நிலமும் தொழிற்சாலையும் கைவந்தன. கலவைமுறையும் வணிகப் பெயரும் வரவில்லை. லிப்டன் என்னும் பெயர் அதற்கு முன்னரே யூனிலீவர் வசமாகியிருந்தது. 2022இல் அப்பெயர் மீண்டும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறிற்று. இலங்கையிலேயே பொதியிட்டு, இலங்கையர் ஒருவர் தாமே இட்ட பெயருடன் பிறநாட்டுக் கடைகளுக்கு அனுப்பும் முயற்சியை மெரில் பெர்னாண்டோ தில்மா வாயிலாகத் தொடங்கியது 1980களிலேதான்.