நியோஷோ: எண்ணெய் சுமந்தவளின் கதை

1939 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தபோது நியோஷோவுக்கு யாரும் பெரிய புகழை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நியூஜெர்சியின் கேர்னியில் கட்டிய எண்ணெய்க் கப்பல். கான்சாஸ் பக்கத்து ஆறொன்றின் பெயர். போர்க்கப்பல்களோடு ஈடுகொடுத்து ஓட 18 நாட் வேகம் இருந்தது, அதுதான் அவளுடைய சிறப்பு. அடுப்புக்கு விறகு கொண்டுவருகிறவளை விருந்தில் யார் நினைக்கிறார்கள்?

1941 டிசம்பர் 7 காலை, பேர்ல் துறைமுகத்தில் விமான பெட்ரோலை இறக்கிவிட்டுப் போர்க்கப்பல் வரிசையின் நடுவே நின்றாள். பெட்ரோல் போன தொட்டியில் ஆவி மிஞ்சும். நிறைந்த தொட்டியைவிட அதுதான் பொல்லாதது. ஜப்பானியக் குண்டுகள் விழ விழ, கேப்டன் ஜான் பிலிப்ஸ் கட்டுக்கயிறுகளை அறுக்கச் சொல்லி, கவிழ்ந்துகொண்டிருந்த ஓக்லஹோமா போர்க்கப்பலை ஒட்டிக் கப்பலைப் பின்னோக்கி எடுத்தார். மூன்று பேர் காயத்தோடு தப்பினாள்.

ஐந்து மாதம் கழித்துப் பவளக்கடல். 1942 மே 6 அன்று யார்க்டவுன், அஸ்டோரியா என்ற போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, சிம்ஸ் என்ற நாசகாரியின் துணையோடு தெற்கே ஒதுங்கினாள். மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானம் அவளைப் பார்த்து, விமானந்தாங்கி என்று சொல்லிவிட்டது! அந்தச் சொல்லை நம்பி 78 விமானங்கள் கிளம்பின. வந்தவர்களுக்கு ஏமாற்றம்; ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. சிம்ஸ் மூன்று குண்டில் மூழ்கியது. நியோஷோ மேல் ஏழு குண்டுகள், போதாததற்கு எரிந்தபடி வந்து மோதிய ஒரு விமானம். அதே காலையில் அமெரிக்க விமானங்கள் வேறு பக்கம் ஷோஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தன.

நீராவி சீறிய அறையில், காயத்தோடிருந்த மாலுமி ஆஸ்கார் பீட்டர்சன் நான்கு வால்வுகளைத் தன் கையாலேயே மூடினார். அந்தத் தீக்காயமே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. கப்பலோ மூழ்கவில்லை. எண்ணெய் ஊற்றிக் காலியான தொட்டிகளே அவளைத் தாங்கிப் பிடித்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

உண்மையான கொடுமை வரைபடத்தில்தான் நடந்தது. கப்பலின் இடத்தைத் தப்பாகக் குறித்து அனுப்பினார்கள். தேடியவர்கள் வேறு கடலைத் தேடினார்கள். நான்கு நாள் மிதந்தபின், மே 11 அன்று ஹென்லி என்ற நாசகாரி வந்து 123 பேரை ஏற்றிக்கொண்டு, மிச்சமிருந்த கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது.

முதல் நாள் பதற்றத்தில் தெப்பங்களில் இறங்கி விலகிப்போனவர்கள் 68 பேர். ஹெல்ம் என்ற நாசகாரி பல நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது உயிரோடிருந்தவர்கள் நால்வர்.