கொடுமுடி கோகிலம் தோற்ற கதை



போன வாரம் ஈரோட்டிலிருந்து கரூருக்கு ரயிலில் போனேன். கொடுமுடியில் வண்டி நின்றபோது எதிரே இருந்த அம்மணியிடம், "இது யாரு ஊருன்னு தெரியுங்களா?" என்றேன். "ஔவையார் பாட்டி ஊருதானுங்க" என்றார் உடனே.

கே.பி.சுந்தராம்பாள் என்றாலே நமக்கு ஔவையார்தான். 36 வருடம் வாத்தியாராக இருந்த நானும் பிள்ளைகளிடம் அந்த வெற்றிக் கதையைத்தான் சொல்லி வந்தேன். அதற்கு முன்னால் அவர் சினிமாவில் தோற்ற கதையைச் சொன்னதே இல்லை. இன்று அதைச் சொல்கிறேன்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். தாயார் பெயர் பாலாம்பாள். வறுமையால் சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்தார் என்று நம் பக்கம் சொல்வார்கள். பிறகு நாடக மேடை, இலங்கைப் பயணம், எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் திருமணம். இருவர் பாட்டையும் கேட்க ஊரே திரண்டது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, அம்மாவுக்கு 25. அன்று முதல் வெள்ளைச் சேலை. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்பது அவர் எடுத்த முடிவு.

அந்த நேரத்தில்தான் அசன்தாஸ் என்ற படமுதலாளி 'நந்தனார்' எடுக்க வந்தார். அவரைத் தட்டிக் கழிக்கவே அம்மா ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவரோ சரி என்றுவிட்டார்! ஒரு சவரன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் சவரனுக்கு மேல் வரும். ஜோடி வேண்டாம் என்றதால் வேடமும் ஆண் வேடம். நந்தனாக அவரே நடித்தார். வேதியராகப் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

1935-ல் வெளிவந்த படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. படத்தில் வரும் மரத்தையும் ஆடுமாடுகளையும் நல்ல நடிகர்கள் என்று பாராட்டிக் கேலி செய்திருந்தார்.

பாட்டில் குறையா? இல்லை. நாடகத்தில் பெண்கள் ராஜபார்ட் கட்டுவது சகஜம். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்டினால் போதும், முகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேமராவோ கிட்டே வந்து முகத்தைக் காட்டிவிடும். பெண் என்று தெரிந்தபின் அவரை நந்தனாக நம்புவது கடினம்.

1940-ல் 'மணிமேகலை'. அப்போது அவர் முப்பதைத் தாண்டிவிட்டார், மணிமேகலையோ இளங்கன்னி. அந்தப் படத்தை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதன்பின் 13 வருடம் அவர் திரைப்பக்கம் வரவில்லை.

இப்படித் தோற்ற பாடகர் அவர் ஒருவர் மட்டுமல்ல. இத்தாலியின் மாபெரும் பாடகர் கரூசோவை 1918-ல் ஊமைப்படத்தில் நடிக்க வைத்தார்கள். வாயைக் கட்டிவிட்டுப் பாட்டுக்காரரை நிறுத்தினால் என்ன ஆகும்? படம் தோற்றது.

1942-ல் ஜெமினி அதே நந்தனார் கதையை தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்து வெற்றி கண்டது. அதே ஜெமினிதான் 1953-ல் சுந்தராம்பாளை ஔவையாராக்கியது. இப்போது ஜோடி தேவையில்லை, மீசை தேவையில்லை. திருநீறு பூசிய நெற்றியும் அந்தக் குரலும் போதும். 1935-ல் அவருக்கு ஆண் வேடம் வாங்கிக் கொடுத்த அதே வைராக்கியம், ஔவைக்கு இயல்பாகப் பொருந்திவிட்டது. பிறகு 'பூம்புகார்' கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' ஔவை. 1969-ன் 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்டு விழா நாடகம் போட்டோம். ஒன்பதாம் வகுப்பில் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, அபாரமான குரல். சத்தமாகப் பாடுகிறாளே என்று கட்டபொம்மன் வேடம் கொடுத்தேன். பாதி வசனத்தில் ஒட்டுமீசை நழுவி விழுந்தது. கூட்டம் சிரித்தது. மேடைக்குப் பின்னால் அழுது நின்றவளிடம், "உனக்கு நடிப்பு வராது கண்ணு, விடு" என்றேன். அதன்பின் காலைப் பிரார்த்தனையில்கூட அவள் பாடவில்லை.

வராதது நடிப்பு அல்ல. தப்பான வேடத்தைக் கொடுத்தவன் நான். கொடுமுடி அம்மாவுக்கு 18 வருடம் கழித்துச் சரியான வேடம் கிடைத்தது. என் மாணவிக்கு நான் அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்கவே இல்லை.

இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்களே, ஒரு பிள்ளை தோற்றால் முதலில் நாம் கொடுத்த வேடத்தைச் சோதித்துப் பாருங்கள். அந்தப் பெண் எங்கேயாவது இதைப் படித்தால், என்னை மன்னித்து, வீட்டிலாவது ஒரு பாட்டுப் பாடு அம்மணி.