மூன்றாம் பிரிவுக்கு ஓர் உரை

விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்கிற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சில பக்கங்களே கொண்டது. அதன் உயிர் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி மயிலம் பக்கத்தில் ஓட்டு வீட்டின் மேல் பிரசார் பாரதியின் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டியவருக்குக் காசில்லாமல் வருகிறது. திண்டிவனத்தில் மாதாமாதம் கேபிள் காசு கட்டுகிறவர் அதே ஆட்டத்துக்குத் தனியாக ஒரு கட்டணச் சேனல் வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு வேர் அந்தப் பிரிவுதான். அதன் சாரத்தைத் தமிழில் சொல்லி, துண்டு துண்டாகப் பார்ப்போம்.

“ஒளிபரப்பு உரிமையின் சொந்தக்காரரோ, அதைப் பெற்றவரோ, எந்த ஒளிபரப்பு நிறுவனமோ…”

கிரிக்கெட்டில் சொந்தக்காரர் பிசிசிஐ; பெற்றவர் ஏலத்தில் எடுத்த நிறுவனம். அமெரிக்க பேஸ்பாலில் இப்படி இல்லை; ஒவ்வோர் அணியும் தன் வட்டார ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2013-இல் 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. அந்த ஆட்டங்களைக் காட்டும் சேனலுக்குக் கேட்ட விலையை மற்ற கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் தர மறுத்தன. விளைவு, 2020 வரை அந்த ஊரிலேயே ஏராளமான வீடுகளில் சொந்த அணியின் ஆட்டம் தெரியவில்லை. இங்கே சிஎஸ்கே சேப்பாக்கத்தில் ஆடினாலும் அந்த ஆட்டத்தைத் தனியாக விற்க முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து பிசிசிஐதான் விற்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமை 2022 ஜூன் ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் இந்தியத் துணைக்கண்டத் தொலைக்காட்சிப் பங்கு மட்டும் 23,575 கோடி. அந்தப் பணத்தை விளம்பரத்திலும் சந்தாவிலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். சந்தா என்றால், விழுப்புரத்தில் கேபிள்காரர் மாதாமாதம் வீட்டு வாசலில் வந்து வாங்கும் காசும் அதில் சேர்த்திதான்.

“…தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டு நிகழ்ச்சிகளை…”

எவை முக்கியம் என்பதை மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுத் தீர்மானிக்கும். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களும் உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி ஆட்டங்களும் பட்டியலில் உண்டு. ஐபிஎல் இல்லை. 2016-இல் தொடங்கிய டிஎன்பிஎல்லும் இல்லை. ஆக, சிஎஸ்கே ஆடும் ராத்திரி இந்தச் சட்டம் யாருக்கும் உதவாது.

“…அதே நேரத்தில் பிரசார் பாரதியுடன் பகிராமல், கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையாகக் காட்டக் கூடாது.”

“அதே நேரத்தில்” என்பதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2007 ஜனவரியில் இந்தியா–வெஸ்ட் இண்டீஸ் தொடரின் உரிமை நிம்பஸ் நிறுவனத்திடம் இருந்தது. தூர்தர்ஷனுக்கு நேரலை கிடைக்காமல் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டிக்கொள்ள அனுமதி வந்தது. பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த கூச்சல் அடங்கிய பிறகு நம் வீட்டில் பந்துவீச்சாளர் ஓடி வருவார். பிப்ரவரியில் அவசரச் சட்டமும் அடுத்த மாதமே முழுச் சட்டமும் வந்தன.

“…தன் விளம்பரங்களை நீக்கி…”

தூர்தர்ஷன் தானே விளம்பரம் பிடிக்கும்; வருவாயில் உரிமையாளருக்குக் குறைந்தது 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25. வானொலியில் பாதிக்குப் பாதி.

“…பிரசார் பாரதி தன் தரைவழி, டிடிஎச் வலைப்பின்னல்களில் மறு ஒளிபரப்பு செய்வதற்காக.”

சிக்கல் முழுவதும் இங்கேதான். 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் எட்டாம் பிரிவு தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. அந்த வழியில் ஆட்டமும் கேபிள் வீடுகளுக்கு இலவசமாகவே வந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து உரிமை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். பகிர்ந்த சமிக்ஞை பிரசார் பாரதியின் சொந்த வலைப்பின்னலோடு நிற்க வேண்டும் என்று 2017 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. சட்டத்தின் வாசகப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண முடியாது. பிறகு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் மூடப்பட்டது. ஆக, நடைமுறையில் மிஞ்சியது ஃப்ரீ டிஷ் மட்டும்.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் இழப்பு. 2006-இல் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. இங்கே கேபிள் ஏழை வீட்டு இணைப்பு. ஃப்ரீ டிஷ்ஷிலோ தனியார் தமிழ் சேனல்கள் மிகக் குறைவு. சாயங்காலம் சீரியலும் வேண்டும், இந்தியா ஆடும் ஆட்டமும் இலவசமாக வேண்டும் என்றால் விக்கிரவாண்டிக் குடும்பம் ஒன்று கேபிளையும் வைத்துக்கொண்டு கூரையில் டிஷ்ஷும் மாட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வார்களா?

மிக அதிகமான பார்வையாளருக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்வதே நோக்கம் என்று இதே சட்டத்தின் முகப்பு சொல்கிறது. அந்த நோக்கத்தைப் பிரிவு 3 பாதிதான் நிறைவேற்றுகிறது. தூர்தர்ஷனுக்குப் போகும் ஆட்டத்தைக் கேபிளும் மற்ற டிடிஎச்சும் எடுத்துக் காட்டலாம் என்று திருத்தும் வரைவை மத்திய அரசே 2018-இல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பெரும் தொகை கொடுத்தவர்களுக்கு அதனால் நஷ்டம் என்ற வாதம் உண்மைதான். ஆனால் 75 பங்கு விளம்பர வருவாய் அவர்களுக்கே போகிறது. பார்வையாளர் கூடினால் அதுவும் கூடும். அந்த வரைவை மறுபடி எடுத்து நிறைவேற்ற வேண்டும். ஐபிஎல் இறுதி ஆட்டம் ஒன்றையாவது அறிவிக்கையில் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும்.