குடிசையும் அடிமனையும்

நம் முன்னோர்க்கு வீடு கட்டத் தெரியாமற் போகவில்லை. மண் பிசைந்து சுவர் எழுப்பவும் பனையோலை கொண்டு கூரை வேயவும் அவர்தம் கைகளே போதுமானவையாயிருந்தன. அச்சுவர் நின்ற மண்ணின் மீதுதான் உரிமை இருக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து மிராசு கிராமங்களில் சேரி அமைந்த நிலமும் தமதே என மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். கூலி கூட்டிக் கேட்டவன், வேறிடத்தில் வேலைக்குப் போனவன், எதிராகச் சாட்சி சொன்னவன் எவனாயினும் அவனைக் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னாற் போதும்; வேறு தண்டனை வேண்டியதில்லை.

1876–78 பெரும்பஞ்சத்தின்போது கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. இலண்டன் மாநகரிலிருந்தும் நன்கொடை திரண்டு வந்தது. அவ்வுதவியை நாம் இகழ்வதற்கில்லை. அது கிடைத்திராவிடில் நம்முள் பலர் பிறந்தேயிருக்க மாட்டோம். ஆயினும் பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பியவன், மீண்டும் அயலார் மண்ணிலேதான் குடிசை போட்டான்.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணையால் கிடைத்தவையே பஞ்சமி நிலங்கள். (அவற்றுள் மிகுதியானவை பிறர் கைக்குப் போன கதை தனியே எழுதத்தக்கது.)

அடிமனைக்கு வழி பிறந்தது, 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரின் துறை செயற்படத் தொடங்கிய பின்னரே. ‘லேபர்’ என்றே நம் பெரியவர்கள் அதனைக் குறிப்பிடுவர். நில எடுப்புச் சட்டப்படி அத்துறை மனைகளை எடுத்து நம்மவர்க்கு ஒதுக்கியது. விலையைத் தவணைகளாகத் திரும்பப் பெற்றது. இதனை இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அன்று மனை பெற்ற நம் பாட்டன்மார் அரைவயிற்றுக் கூலியிலிருந்து அதற்கு விலை கொடுத்தனர். ‘சர்க்கார் இனாமாகக் கொடுத்த இடம்’ என்று இன்று எவரேனும் ஏளனம் பேசுவாராயின், அவர் கணக்கு அறியாதவர்.

தஞ்சை மண்ணில் இது இன்னும் தாமதித்தது. குடியிருப்பினின்று வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில், ஒரே குடிசையுள் 44 பேர் எரிந்து மாண்டனர். குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே உடைமையாக்கிய சட்டம் 1971-இல்தான் பிறந்தது. நம் மக்களின் மனைக்கென விரைவாக நிலம் எடுக்க 1978-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்து நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கும் பிரிவு நீங்கலாகச் சட்டம் செல்லும் என 1994-இல் தீர்ப்பாயிற்று.

கோடையில் சேரி தீப்பற்றினால் அரிசியும் வேட்டி சேலையும் கீற்றும் வருகின்றன. கொடுப்போர் நல்ல மனத்தினரே. பசித்த பிள்ளைக்கு அன்றைய அரிசி வேண்டியதே. ஆனால் கீற்று மறுகோடையிலும் எரியும். ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ கட்ட அரசின் உதவியை நாடினால், முதலில் கேட்கப்படுவது மனைப்பட்டா. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலாக இதுவே நடைமுறை. பட்டா இல்லாதவன் அவ்வுதவிக்கும் புறத்தே நிற்கிறான்.

பட்டாத்தாள் பெட்டியிலிருந்தும், மனையை அளந்து கல் நாட்டாத ஊர்கள் உண்டு. இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகளும் உண்டு. நம் சங்கத்தில் படித்த பிள்ளைகள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, அத்தாளை எடுத்துப் புல எண்ணையும் நான்கெல்லையையும் வீட்டாருக்குப் படித்துக் காட்டட்டும். அளந்து தரவும் பெயர் மாற்றவும் வட்டாட்சியருக்கு எழுத வேண்டிய மனு ஒரு பக்கத்திற்கு மேற்படாது.