12.3-க்கும் 12.4-க்கும் நடுவே: புகையிலை ‘வாசல்’ கோட்பாட்டை ஜெகதாப்பட்டினக் கரையிலிருந்து படித்தல்

விசைப்படகில் வலை இழுப்பவனுக்கு இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். பீடி பற்றவைத்தால் காற்று விடாது. அவனுக்குத் தோதானது வாயில் அடக்கும் புகையிலைதான். பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் கசக்கி, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிட்டால் வலை ஏறி முடியும்வரை தாங்கும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எந்த ஊரில் இறங்கினாலும் இந்தக் கை வேலையைப் பார்க்கலாம். சின்ன வயதில் புகையிலையைத் தொட்டவன் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் போவானா என்ற கேள்வியை உலகம் பெரும்பாலும் சிகரெட்டை வைத்தே கேட்டிருக்கிறது. இக்கட்டுரை அதை உதட்டுக்கு அடியிலிருக்கும் புகையிலையை வைத்துக் கேட்கிறது.

கேள்விக்கு இன்றைய வடிவம் தந்தவர் டெனிஸ் காண்டல். 1975-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவரது கட்டுரை, நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து நான்கு படிகளை வரைந்தது. முதலில் பீர் அல்லது வைன், அடுத்து சிகரெட் அல்லது கடும் மது, பிறகு கஞ்சா, கடைசியில் மற்ற போதைகள். ஒரு படியில் நிற்பவர் எல்லாரும் அடுத்த படிக்கு ஏறுவதில்லை என்பதையும், முன்பின் வரிசை வேறு, காரண காரியம் வேறு என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் சண்டை அந்தக் கட்டுரையோடு அல்ல, அது பின்னாளில் எப்படிப் படிக்கப்பட்டது என்பதோடு. அந்தப் படிப்பில் காண்டலுக்கும் பங்குண்டு.

‘படி’ என்ற சொல் ‘வாசல்’ ஆனது 1984-ல், ராபர்ட் டூபான்ட் எழுதிய நூலின் தலைப்பில். இதை வெறும் சொல் மாற்றம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. படியில் ஏறுபவன் நிற்கலாம், இறங்கலாம். வாசல் என்றதும் உள்ளே ஒரு வீடு இருக்கிறது, நுழைந்தவன் அங்கேதான் போகிறான் என்ற எண்ணம் சேர்ந்துவிடுகிறது. 2011-ல் காண்டலும் அவர் கணவர் எரிக் காண்டலும் பங்குபெற்ற குழு எலிகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. குடிநீரில் ஏழு நாள் நிகோடின் கொடுத்த எலிகளிடம் கொக்கெயின் கூடுதலாக வேலை செய்தது. வரிசையைத் திருப்பி, கொக்கெயினை முதலில் கொடுத்தபோது அந்த விளைவு இல்லை. மூளையில் ‘ஃபாஸ்-பி’ என்னும் மரபணு எப்படித் தூண்டப்படுகிறது என்பதுவரை அவர்கள் காட்டினார்கள். 2014-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, நிகோடின் வாசல் என்பதற்கு மூலக்கூறு அடிப்படை கிடைத்துவிட்டது என்றது. நோபல் பரிசாளரான எரிக் காண்டலின் கையொப்பம் விழுந்த பிறகு சந்தேகப்படுவது கொஞ்சம் மரியாதைக் குறைவு போலத் தோன்றும். ஆனாலும் சந்தேகப்பட இடமிருக்கிறது.

சோதனை பிழை என்று நான் சொல்லவில்லை. எலிக்குக் கடை கிடையாது, கூட்டாளி கிடையாது. எது முதலில், எது பிறகு என்பதை எலிக்காக ஆய்வாளர் தீர்மானிக்கிறார். பிள்ளைக்கு அதைத் தீர்மானிப்பது யார்? நிகோடின் மூளையைப் பதப்படுத்துகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். பதப்பட்ட மூளைக்கு அடுத்த பொருள் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று அந்த எலி சொல்லாது. மேலும், கொக்கெயின் இந்தக் கரையின் பிரச்சினை அல்ல. இங்கே பேச்சு கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஆகியவற்றைப் பற்றியது.

என் மறுப்புக்கு ஆதாரமாக நான் நீட்டுவது ஒரே ஒரு வரி. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில் அது இருக்கிறது. 135 ஊர்களில், போதைப்பொருள் பயன்படுத்தும் 4,024 சிறாரிடம் விசாரித்த ஆய்வு அது. அவர்களில் 83.2 விழுக்காட்டினர் புகையிலையும், 67.7 விழுக்காட்டினர் மதுவும், 35.4 விழுக்காட்டினர் கஞ்சாவும், 34.7 விழுக்காட்டினர் முகர்ந்து இழுக்கும் பொருள்களும் பயன்படுத்தியவர்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த விழுக்காடுகளைத்தான். நான் நின்றது தொடங்கிய வயதின் சராசரியில். புகையிலை 12.3, முகரும் பொருள் 12.4, கஞ்சா 13.4; மது 13.6. அபின் வகைகள் 14.3 முதல் 14.9 வரை, ஊசி 15.1.

மேலோட்டமாகப் பார்த்தால் காண்டலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்: புகையிலை முதலில், ஊசி கடைசியில். ஆனால் மதுவைப் பாருங்கள். நியூயார்க்கில் முதல் படியில் நின்ற மது, இங்கே கஞ்சாவுக்கும் பின்னால் போய்விட்டது. மூளை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். வரிசை புரண்டது என்றால் அதைப் புரட்டியது மூளைக்கு வெளியே இருக்கிறது.

அடுத்து, 12.3-க்கும் 12.4-க்கும் இடையிலுள்ள அந்தப் புள்ளி ஒன்று. ஓர் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 36 நாள். இந்தக் கரையின் கணக்கில், 2017 முதல் நடைமுறையிலுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். எந்த வயதில் தொடங்கினாய் என்று கேட்டால் நாளும் மாதமும் பார்த்துச் சொல்லும் பிள்ளை கிடையாது. அந்த 36 நாளை நம்பி முன்பின் தீர்மானிப்பது ஆபத்து. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: இவை ஒரே கூட்டத்தின் சராசரிகள் அல்ல. புகையிலைச் சராசரி ஏறத்தாழ 3,350 பிள்ளைகளுடையது. முகரும் பொருளின் சராசரி ஏறத்தாழ 1,400 பேருடையது. பத்து வயதில் ரயிலடியில் சொல்யூஷன் முகர்ந்து, பன்னிரண்டில் புகையிலைக்கு வந்த பிள்ளை இரண்டு கூட்டத்திலும் இருப்பான். அவனுடைய சொந்த வரிசை சராசரிக்குள் காணாமல் போய்விடும். இன்னொன்று, புகையிலையைத் தொட்டுவிட்டு எல்லாவற்றையும் விட்டு விலகிய பிள்ளை இந்த 4,024-க்குள் வரவே முடியாது. வாசலில் எட்டிப் பார்த்துத் திரும்பியவர்களை எண்ணாமல், உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் ‘எந்த வழியாக வந்தாய்?’ என்று கேட்டால் எல்லாரும் வாசலைத்தானே காட்டுவார்கள்?

2019-ன் தேசிய அளவிலான போதைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத் தீர்த்திருக்கலாம். சிறாரில் 1.7 விழுக்காட்டினரும் பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரும் முகரும் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற முக்கியமான செய்தியைத் தந்தது அதுதான். மது, கஞ்சா, அபின் வகை என்று எட்டு வகைகளை எண்ணிய அந்த ஆய்வு புகையிலையைச் சேர்க்கவில்லை. புகையிலைக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதே 2019-ன் உலக இளையோர் புகையிலை ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவரில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவதாகச் சொல்கிறது. மெல்லும் புகையிலைக்காரரில் பாதிக்குமேல் பத்து வயது நிறையுமுன்னே தொடங்கியவர்கள் என்றும் சொல்கிறது. ஒரு கணக்கில் வாசல் மட்டும், மற்றொன்றில் வீடு மட்டும். ஒரே பிள்ளையை இரண்டிலும் காண வழியில்லை.

வரிசையைப் புரட்டியது எது? என் விடை: சட்டமும் கடையும். 17 நாடுகளின் தரவை ஒப்பிட்டு லூயிசா டெகன்ஹார்ட் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பக்கம் கை காட்டுகிறது. கஞ்சா அதிகம் புழங்காத ஜப்பானிலும் நைஜீரியாவிலும் காண்டலின் வரிசை அடிக்கடி மீறப்படுகிறது; அமெரிக்காவில் மிக அரிதாகவே. ஊரில் எது எளிதில் கிடைக்கிறதோ அது முதல் படியாகிறது.

நம் கரையின் வரலாறும் அப்படித்தான். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும், 1974-ல் மாவட்டம் உருவாகும் முன் இப்பகுதி தஞ்சையைச் சேர்ந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. எனவே 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்த மதுவிலக்கு இங்கும் வந்தது. 1971-ல் தளர்ந்து, திரும்ப வந்து, 1981-ல் போனது. 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறைக் கடையும் அரசின் கையில். இத்தனை மாற்றத்திலும் புகையிலை மட்டும் பெட்டிக்கடைக் கயிற்றில் வெளிப்படையாகத் தொங்கியது. புகையிலைக்கு முன்பு இருந்த மதிப்பு எப்படி என்பதற்கு ஒரே ஒரு சான்று: சீனிச்சர்க்கரைப் புலவர் பாடி, உ.வே.சா. 1939-ல் பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’. பாடியவரின் காலத்தை அறுதியிடுவது கடினம். ஆனால் பழனி முருகனிடம் தூது போகும் தகுதி புகையிலைக்கு இருந்தது என்றால், அது ஒளித்து வாங்கும் சரக்காக இருந்திருக்க முடியாது. வெற்றிலைத் தட்டில் பாக்கோடு கூட உட்கார்ந்திருந்த பொருள் அது. அந்தக் காலத்தில் வாசல் தேடுவதானால் வெற்றிலையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை.

திருப்பம் 2013 மே மாதம், குட்காவும் மெல்லும் புகையிலையும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டபோது வந்தது என்பது என் வாதம். இதற்கு முன்னோட்டமாக 2001-ல் வந்த தடையை 2004-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2013-ன் தடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் விழுந்து, ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் மீண்டும் எழுந்தது. தடை தவறு என்று நான் வாதிடவில்லை. வாய்ப் புற்றுநோய் ஒன்றே அதற்குப் போதிய நியாயம். ஆனால் கயிற்றில் தொங்கிய பொட்டலம் மேசைக்கு அடியில் போனதும், அதை வாங்கும் பையன் புதிதாக ஒரு வித்தை கற்கிறான். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போவது, குரலைத் தாழ்த்திக் கேட்பது, கடைக்காரர் முகத்தைப் படிப்பது. அந்த வித்தை அடுத்த பொருளுக்கும் உதவும். நெதர்லாந்து 1976-ல் தன் அபின் சட்டத்தைத் திருத்தியபோது இதே தர்க்கத்தைத்தான் பின்பற்றியது: கஞ்சா வாங்கும் இளைஞன் ஹெராயின் விற்பவனிடம் போய் நிற்காதபடி சந்தைகளைப் பிரித்துவை என்று. நாம் சிகரெட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மெல்லும் புகையிலையை மட்டும் கஞ்சா இருக்கும் பக்கத்துக்குத் தள்ளினோம்.

இந்த வாதத்தின் கால்கள் மெலிந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2013-க்கு முன்னும் பின்னும் ஒரே அளவுகோலில் எடுத்த கணக்கு வேண்டும். கிடைப்பது பெரியவர்கள் கணக்கு. அதன்படி தமிழகத்தில் புகையிலைப் பயன்பாடு 2009-10-ல் 16.2 விழுக்காடு, 2016-17-ல் 20. தடைக்குப் பின் ஏறியிருக்கிறது, ஆனால் தடையால் ஏறியது என்று சொல்ல முடியாது. எந்த ஆண்டில் மேசைக்கு அடியிலான விற்பனை நிலைபெற்றது என்பதும் முடிவாகாத கேள்வி. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ‘கூல் லிப்’ என்னும் வாயில் அடக்கும் புகையிலை பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றி ஒன்றிய அரசைக் கேள்வி கேட்டது; எனவே அதற்குள் நிலைபெற்றுவிட்டது என்று மட்டும் கொள்ளலாம்.

பொதுவான பலவீனம் ஒன்றே எல்லாவற்றுக்கும் வேர் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. வறுமை, வீட்டில் குடி, மனக்கோளாறு, பிறவிக் கூறு எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையைப் புகையிலைக்கும் கஞ்சாவுக்கும் ஒருசேரத் தள்ளுகின்றன, வரிசை வெறும் தோற்றம் என்பது அவர்கள் வாதம். இதைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஆனால் பாக் நீரிணைக் கரையில் பிடிபடும் சரக்குகளைப் பார்த்தால் என் ஐயம் கடைப்பக்கமே சாய்கிறது. இலங்கைக்குக் கடத்தப்படும் பீடி இலையும் கஞ்சாவும் இதே கடல்வழியில்தான் போகின்றன. அக்கரையில் அந்தக் கஞ்சாவுக்குக் ‘கேரளக் கஞ்சா’ என்று பெயர். அது எங்கே விளைந்தாலும் பெயர் அதுதான். பொருள்கள் பயணம் செய்யும் வழி ஒன்றாக இருக்கும்போது, அவற்றைத் தொடும் கைகளும் ஒன்றாக இருப்பதற்கு மூளை விளக்கம் தேவையில்லை.

அடுத்த தேசியக் கணக்கெடுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். எட்டோடு ஒன்பதாகப் புகையிலையைச் சேருங்கள். எந்த வயதில் என்று கேட்பதோடு நிறுத்தாமல், முதலில் எது, அதை யார் கொடுத்தார், அடுத்ததும் அதே ஆளிடமிருந்து வந்ததா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே கேளுங்கள். ஜெகதாப்பட்டினத்துக்கு வருவதானால் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் வாருங்கள். அப்போது தடைக்காலமும் பள்ளிக் கோடை விடுமுறையும் ஒன்றாக வரும். படகு ஆட்களும் பையன்களும் சேர்ந்து கரையில் இருப்பார்கள்.